கைத்தடியும் நொண்டிச் சாக்கும்

ஆகாய விமானம் ஏறி அந்நிய தேசத்தில் இறங்கி, அங்கே முந்நூறு நானூறு மைல் கால்நடையாகவே போய்வர வேண்டும் என்ற ஆசை நம்மவர்களிடையேயும் பரவிவருகிற இந்நாளில், புறப்படுகிறவர்களைக் கடைசிவரை குழப்பிக்கொண்டிருக்கும் பிரச்சினை, கைத்தடியை என்ன செய்வது என்பதுதான். போர்வைக்கும் மருந்துக்கும் மாற்றுடைக்கும் மூட்டையில் எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. தடி மாத்திரம் எதற்குள்ளும் அடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. விமான நிலையத்துப் பரிசோதனை வாசலை எட்டியதும் அதன் ஜாதகமே மாறி, வீதிவரை ஊன்றுகோலாக வந்தது அங்கே ஆயுதமாகிவிடுகிறது.

அவ்விதம் சந்தேகிப்பதை அடியோடு அநியாயம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்னும் க்ஷேத்திரத்தை நோக்கி நூற்றாண்டுக் கணக்காக நடந்துவரும் கிறிஸ்தவ யாத்திரிகர்களுக்கென்று 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஏட்டிலே ஒரு பிரசங்கம் இருக்கிறது. யாத்திரிகனுடைய கோலை அவனுக்கு மூன்றாவது கால் என்று அது கொண்டாடி, அந்த மூன்றிலே திரித்துவத்தின் அடையாளத்தையும் கண்டுவிட்டு, கூடவே அந்தக் கோல் ஓநாயையும் நாயையும் விரட்ட உதவும் என்றும் சொல்லிவைக்கிறது. ஓநாயை அடிக்க வல்லது மனிதனையும் அடிக்கும் என்று தெரிந்துகொள்ளத் தர்க்க சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. தடிக்குள் பொருளை ஒளித்துக் கடத்துவதும் பழைய வித்தைதான். ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் காலத்தில் பட்டுப்பூச்சி முட்டைகளைக் கைத்தடிக்குள் வைத்துக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் ஒரு பாரசீகன் என்று கிரேக்க சரித்திராசிரியர் தியோபனிஸ் எழுதியிருக்கிறார். உள்ளே கத்தி செருகிய தடிகளைக் கையில் சுழற்றிக்கொண்டு உலாவிய ஐரோப்பியக் கனவான்களும் இருந்தார்கள். ஆகவே ஸ்கேனருக்குள் தடியைப் போட்டுப் பார்க்கிற சிப்பந்தியிடம் கோபித்துப் பயனில்லை.

ஆனால் தடியை ஆயுதமென்றும் எண்ணாமல், வெறும் மரமென்றும் தள்ளாமல், ஓர் ஆளாகவே மதிக்கிற இடம் ஒன்று உண்டு. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளுள் சிறியதான ஷிகோகுவில், 774 முதல் 835 வரை வாழ்ந்து, பிற்காலத்தில் கோபோ தாய்ஷி என்று பூஜிக்கப்பட்ட கூகாய் என்ற பௌத்த ஆசாரியரின் நினைவாக, 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரை நடக்கிறது. தூரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்தே முடிக்கிறவர்களுக்கு நாற்பது ஐம்பது நாள் பிடிக்கும். வெள்ளை உடையும் கோரைப்புல் தொப்பியும் அணிந்து செல்லும் யாத்திரிகன் தனியாக நடந்தாலும் இருவராகவே நடக்கிறான் என்பது அங்குள்ள நம்பிக்கை. அந்த இரண்டாமவர் தாய்ஷி. அவர் குடியிருப்பது யாத்திரிகனின் கைத்தடியில். கொங்கோஸூயே என்று பெயர் பெற்ற அந்த வஜ்ரக் கோலின் தலைப்பாகத்தை, நமக்கும் பழக்கமான மண், நீர், தீ, காற்று, ஆகாயம் என்னும் பஞ்ச பூதங்களைக் குறிக்கும் ஸ்தூபியின் வடிவில் ஐந்து அடுக்காக வெட்டியிருப்பார்கள். பல கோல்களில், இந்தியாவிலிருந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த சித்த மாத்ருகா லிபியில் பீஜாக்ஷரங்களும் எழுதப்பட்டிருக்கும்.

அந்தக் கோலுக்கு நடக்கும் உபசாரத்தைக் கேட்டால் நம் ஊர் ஆசாரசீலர்களே வியந்துபோவார்கள். தலைப்பாகத்தைக் கையால் தொடலாகாது என்று அதற்குச் சரிகைத் துணியில் உறை போட்டிருக்கும். மாலையில் விடுதியை அடைந்ததும், யாத்திரிகன் தன் காலைக் கழுவிக்கொள்வதற்கு முன்னால் தடியின் அடியைக் கழுவித் துடைத்து, மரியாதையான இடத்தில் நிறுத்துகிறான். ஒருநாள் இரவு தங்க இடம் கிடைக்காமல் தாய்ஷி ஒரு பாலத்தின் கீழே படுத்திருந்தார் என்று கதை. ஆகவே அவருடைய உறக்கம் கலையாதிருக்க, எந்தப் பாலத்தைக் கடக்கும்போதும் தடியை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நடக்க நடக்க அடிநுனி நார்நாராகப் பிரிந்து போகும். அதைக் கத்தியால் சீவுவது அபசாரம், கல்லிலே தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். முற்காலத்தில் யாத்திரிகன் வழியிலேயே இறந்துபோனால், அவனைப் புதைத்த இடத்தில் அந்தக் கோலையே அடையாளமாக நட்டுவிட்டுப் போவார்களாம். யாத்திரை முடிகிற 88ஆவது கோயிலான ஓகுபோஜியில் தடியைக் காணிக்கையாக விட்டுச்செல்வோர் பலர். மனம் வராமல் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. தாய்ஷியே இது என்று நாள்தோறும் கழுவி வைத்த கோலைப் பெட்டிகளோடு பெட்டியாகச் சரக்குப் பகுதிக்குள் தள்ளிவிட அவர்களுக்கு எப்படி மனம் ஒப்பும்?

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. 2001ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகெங்கும் விமானப் பரிசோதனை இறுகிவிட, ஐரோப்பாவில் 2004இல் வெளியான தடைப் பட்டியலிலே, பனிக்கோடரி வகையறாக்களோடு மலையேறுகிறவர்களின் நடைக்கோல்களும் இடம்பெற்றன. பிரிட்டனில் இன்றைக்குள்ள விதிப்படி, நடக்க முடியாதவர்களுடைய ஊன்றுகோல் கையோடு விமானத்துக்குள் போகலாம். டிரெக்கிங் போல் எனப்படும் மலைநடைக் கோல் கீழே சரக்கோடுதான் போக வேண்டும். ஏனைய தேசங்களின் விதிகளில் சிறுசிறு வித்தியாசங்கள் இருந்தாலும், நோயாளியின் தடி வேறு, நடையாளியின் தடி வேறு என்ற பாகுபாடு பொதுவானது. கூரிய உலோக முனையுள்ள கோலைப் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். சாதாரண மரத்தடியை எப்படிப் பிரிப்பது? அதைப் பிடித்து வருகிறவனுடைய காலைப் பார்த்துத்தான்.

இதைக் கண்டுகொண்ட கெட்டிக்காரர்கள் ஓர் உபாயமும் கண்டுபிடித்துவிட்டார்கள். பரிசோதனை வாசலுக்கு இருபது கஜம் முன்னாலிருந்து கொஞ்சம் நொண்டினால் போதும், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறார்கள். மலையும் கணவாயும் ஏறி இறங்கி, மழையிலும் சேற்றிலும் வாரக்கணக்காகச் சளைக்காமல் நடந்து வந்த கால், வழவழப்பான தரையிலே திடீரென்று முடமாகி, வாசலைக் கடந்த மறுநிமிஷம் காப்பிக் கடையை நோக்கி விரைகிறது! பொய் சிறியதுதான், யாருக்கும் நஷ்டமில்லை என்கிறார்கள். நஷ்டம் யாருக்கு என்று அறிய விரும்புகிறவர்கள், அதே வரிசையில் மெய்யாகவே தடியூன்றி நிற்கும் கிழவியைச் சற்றுக் கவனிக்கட்டும். தடியைப் பட்டைமேல் வைக்கச் சொல்கிறார்கள். அது ரப்பர்த் திரைக்கு அப்பால் மறைகிறது. இயந்திர வாசலுக்கோ இன்னும் நாலைந்து அடி இருக்கிறது. பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் கையைக் காற்றில் நீட்டிய வண்ணம் அவள் ஒரு காலை நகர்த்தி, நின்று, மறுகாலை நகர்த்துகிறாள். அப்புறம் போய்ச் சேர்ந்தால், தன் தடியின் பிடியையும் அடிப்பூணையும் ஒருவர் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிற்கிறாள். நொண்டாத நொண்டிகள் பெருகப் பெருக, இந்தத் திருகல் இன்னும் கூடுமேயன்றிக் குறையப் போவதில்லை. நாளைக்கு வைத்தியர் சீட்டு எங்கே என்று கேட்பார்கள். பார்வையற்றவரின் வெள்ளைக் கோலையும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சக்கர நாற்காலி விஷயத்தில் இந்த அவலத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. வரிசையில் நிற்கச் சலித்து நாற்காலி கேட்டு வாங்கி, இறங்கும் ஊரில் எல்லாருக்கும் முன்னே எழுந்து நடந்துவிடும் மகானுபாவர்களால், கால் வராத உண்மையான நோயாளி நாற்காலிக்காகக் காத்துக் கிடக்கிறார்.

ரப்பர் மூடி போட்ட தடியினால் என்ன விபரீதம் நேர்ந்துவிடும், விதியே மூடத்தனமானது என்று வாதிப்பவர்களும் உண்டு. இருக்கலாம், விதியைத் திருத்தச் சொல்லி எழுதட்டும்.

தடியைச் சரக்கோடு அனுப்புவதில் அப்படிப் பெரிய சங்கடம் எதுவும் இல்லை. தொலைநோக்கிக் குழாய் மாதிரி ஒன்றினுள் ஒன்று செருகும் அலுமினியக் கோல் மடக்கினால் இரண்டடிக்குச் சற்று மேலே நிற்கும்; மூன்றாக முறித்து மடிக்கிற வகை இன்னும் குட்டை. டங்ஸ்டன் கார்பைடு முனைக்கு ரப்பர் மூடி போட்டு, துணிகளுக்கு நடுவே சுருட்டி, செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. முழுநீள மரக்கோலாயின் தடித்த அட்டைக் குழாய் ஒன்று வேண்டும். பல விமானங்களில் ஒரு சாமானின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்கலாம் என்று கணக்கு. ஷிகோகுக் கோல் சுமார் 130 சென்டிமீட்டர்தான் என்பதால் குழாயோடு சேர்த்தும் அடங்கிவிடும். ஆளுயரமுள்ள ஸ்பானியக் கோல் அடங்காது, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதற்கும் மனமில்லாதவர்கள் போகிற இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். சந்தியாகோ பாதையின் பிரெஞ்சு எல்லைத் தொடக்கமான சேன் ழான் பியே தெ போர் கிராமத்துக் கடைகளிலும், ஷிகோகுவின் முதற்கோயிலான ரியோசென்ஜியிலும் தடி விற்கிறார்கள்.

காலில் கோளாறு உள்ளவர்கள் தங்கள் தடியை ஒளிக்காமல், தயங்காமல், கையிலேயே கொண்டு போகட்டும். அது அவர்களுடைய உரிமை. கால் திடமாக உள்ள யாத்திரிகர்கள் தங்கள் தடியைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராக நடந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.