வாட்ஸ் மட்டும் போதாது
ஹெவி மெட்டலுக்கு பேஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன் கவனிக்க வேண்டியது பெட்டியை. அதன் பிறகு பக்கத்து வீட்டை

மும்பை ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் இடையே உள்ளது கோவண்டி. குடிசைவாசிகளின் மறுகுடியமர்வுக்காக இங்கே எழுந்த அடுக்குமாடிகளில் பல வீடுகள் 225 சதுர அடிதான். பதினைந்துக்குப் பதினைந்து அடி என்று வைத்துக்கொள்ளலாம். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் வினாடிக்கு 41 அதிர்வுகள் கொண்டது. காற்றில் அதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 27 அடி. வீட்டைவிட அலை பெரிது! ஹெவி மெட்டல் வாசிக்கும் ஆசையில், ஆம்ப்ளிஃபயருக்காகப் பைசா பைசாவாகச் சேர்க்கும் இளைஞனின் சிக்கல் இந்தக் கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த இசை மும்பைக்குப் புதிதல்ல. 1986-இல் பிறந்த 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா பல ஆண்டுகள் தோபி தலாவ் பகுதியின் ரங் பவன் திறந்தவெளி அரங்கில் நடந்தது. 2008 பிப்ரவரி 1 அன்று அயர்ன் மெய்டன் குழு பாந்த்ரா-குர்லா வளாகத்தில் வாசித்தது. அதன் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸின் விரல் ஓட்டத்தைக் கேட்டு பேஸ் கிடார் வாங்கியவர்கள் உலகெங்கும் உண்டு. கிடார் வாங்குவது எளிது. அதை ஒலிக்கவைக்கும் கருவியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் வாட்ஸ் மயக்கம். 100 வாட்ஸைவிட 200 வாட்ஸ் இரு மடங்கு சத்தம் தரும் என்ற நம்பிக்கை தவறு. ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். மாறாக, அதே சக்தியில் 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர் பெட்டியை எடுத்தால், ஆம்ப்பை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும். ஒரே ரகத்தில் இரண்டாவது பெட்டி சேர்த்தால் பலன் இன்னும் அதிகம். ஆகவே காசைப் பிரிக்கும்போது முதல் பங்கு பெட்டிக்கே.

எந்தப் பெட்டி? திருவிழாவில் பாட்டுப் போடும் கூம்பு ஹார்ன் பேச்சுக்கானது. தாழ்ந்த ஒலி அதில் எழும்பாது. சாதாரண கிடாரின் பெட்டியும் ஆகாது. பேஸின் அதிர்வில் அதன் ஸ்பீக்கர் கூம்பு அளவுக்கு மீறி முன்னும் பின்னும் ஓடி, கிழியவும் கூடும். பேஸுக்கென்றே செய்த 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பெட்டி, அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட பெட்டி என்பதுதான் வழக்கமான தேர்வு.

இரண்டாவது சறுக்கல், கனமான இசை என்றால் அடியொலி மட்டுமே என்று நினைப்பது. 1969-இல் வந்த அமெரிக்காவின் ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட்ஸ் வால்வு ஆம்ப். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் ஃப்ரிட்ஜ் போல நிற்கும் அதன் பெட்டி, கன இசையின் அடையாளமாகவே ஆனது. ஆனால் அந்த ரகப் பெட்டியில் 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்லக் குறைந்துவிடுகிறது. 41 ஹெர்ட்ஸ் முழு பலத்தோடு வருவதே இல்லை! மேலே உள்ள கிளை ஒலிகளைக் கேட்டு, அடி ஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி தன் மார்ஷல் ஆம்ப்பில் பேஸ் குமிழை மூடிவைத்து, நடு ஒலிக்கான மிட் குமிழைத் திறந்துவைத்தே பெயர் பெற்றவர்.

காரணம் எளிது. மெட்டல் குழுவில் கிடார்களின் சுருதியைக் கீழே இறக்குவார்கள். காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் அங்கேயே முழங்கும். அடியொலியை மட்டும் கூட்டிய பேஸ் இந்த நெரிசலில் காணாமல் போகும். தவிலில் தொப்பி மட்டும் ஒலித்து வலந்தலை மௌனமானால் எப்படியோ, அப்படி. கரகரப்பு வேண்டுமானால் மேல் பகுதிக்கு மட்டும் அதைக் கொடுத்து, அடிப்பகுதியைச் சுத்தமாக விடுவது அனுபவசாலிகளின் வழி.

மூன்றாவது, காசைக் கரியாக்கும் தவறு: ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு என்றால் 2 ஓம். பல ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களின் எல்லை 4 ஓம். அதற்குக் கீழே போனால் சூடேறி அணையும் அல்லது எரியும். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாமல் இயக்கினால் டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஆம்ப் 110 வோல்ட் ரகமா என்று பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகுவதும் இதே கதைதான். பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

தூக்கிச் செல்வதும் ஒரு கணக்கு. லிஃப்ட் ஓடாத நாளில் மாடிப்படி, பிறகு லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டி. பழைய வால்வு ஆம்ப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்றைய கிளாஸ்-டி ரகத்தில் 500 வாட்ஸ் ஆம்ப் இரண்டு மூன்று கிலோவில் தோள்பையில் அடங்குகிறது. தனித்தனியே தூக்கக்கூடிய இரண்டு சின்ன 8 ஓம் பெட்டிகள் கோவண்டிக்குப் பொருத்தம்: ஒத்திகைக்கு ஒன்று, மேடைக்கு இரண்டு. பெரிய மேடையில் ஆம்ப்பின் டி.ஐ. இணைப்பு வழியாக ஒலியை அரங்க ஸ்பீக்கர்களுக்கே அனுப்பிவிடலாம்.

மிச்சமிருப்பது சுவருக்கு அப்பால் உள்ளவர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ரங் பவனின் ராக் கச்சேரிகளை நிறுத்தியதும் இந்த விதிதான். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்பது வீண் நம்பிக்கை. அறைக்குள் எதிரொலி சற்றுக் குறையலாம். பேஸ் அலையைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் அண்டை வீட்டாருக்கு அந்தத் தடிப்பு நெஞ்சில் கேட்கும். வீட்டில் ஹெட்ஃபோன், முழு ஒலிக்கு வாடகை ஒத்திகை அறை என்பதே நடைமுறை. ஆகவே ஹெட்ஃபோன் துளை இல்லாத ஆம்ப் இந்த வீடுகளுக்கு ஆகாது.

கடைக்குப் போகும்போது சொந்த கிடாரையும், முடிந்தால் குழுவின் கிடார் கலைஞரையும் கூட்டிப் போவது நல்லது. தனியாக வாசித்தால் எந்தப் பெட்டியும் கம்பீரமாகத்தான் முழங்கும். பக்கத்தில் இன்னொரு கிடார் உறுமும்போது, பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறதா? கேட்டால் அதுதான் உங்கள் பெட்டி, வாட்ஸ் எண் எதுவாக இருந்தாலும்.