உங்களுக்குத் தெரியுமா? யானைத் தந்தத்தில் ஒரு முழங்கால்

1890-இல் பெர்லினில், தெமிஸ்டோக்கிளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர் காசநோய் அரித்த ஒரு முழங்காலுக்கு யானைத் தந்தத்தில் கீல் செய்து பொருத்தினார். கிருமி உள்ளேயே இருந்ததால் அது நிலைக்கவில்லை. யோசனை மட்டும் பிழைத்தது.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, பல் மருத்துவத்தில் புழங்கிய அக்ரிலிக்கை எலும்புச் சிமென்ட்டாக்கி இடுப்பு மூட்டுகளைப் பொருத்திவந்தார். அவரிடம் பயில வந்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன். பொறியியல் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். 1968-இல் அதே முறையை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். காப்புரிமை எடுக்கவில்லை. எத்தனை பெரிய மனசு!

முழங்கால் மாற்று அறுவை என்றால் மூட்டையே வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று பயந்து, வருஷக்கணக்கில் மாடிப்படியைப் பார்த்தாலே ஒதுங்குகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். அதில் நடப்பது, சொத்தைப் பல்லுக்குத் தொப்பி போடுவது மாதிரிதான். தேய்ந்த எலும்பு முனைகளில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சீவுகிறார்கள். தொடை எலும்புக்குக் கோபால்ட்-குரோமிய உறை, கீழ்க்கால் எலும்பின்மேல் உலோகத் தட்டு, நடுவே வழவழப்பான பாலிஎத்திலீன் துண்டு. தசைகளும் பக்கவாட்டுத் தசைநார்களும் உங்களுடையவையே.

இவற்றை எலும்பில் பிடித்துவைக்கும் அந்தச் சிமென்ட், பசை அல்ல. பொடியும் திரவமும் கலந்ததும் சப்பாத்தி மாவுபோல் திரளும். எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து, சூடாகி, சுமார் கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். அதுவரை மருத்துவர் காலை நீட்டி, அசையாமல் அழுத்திப் பிடித்திருப்பார்.