உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலான ஆக்டோபஸ்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள்தான்!

கலிஃபோர்னியக் கடலோரத்தில் வாழும் இருபுள்ளி ஆக்டோபஸைச் சிலர் வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறார்கள். தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். உடலில் எலும்பே இல்லாததால், சிறு இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் காட்சியகத்திலிருந்து ‘இங்கி’ என்ற ஆக்டோபஸ் வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்கே போய்விட்டது!

இவ்வளவு அறிவுள்ள உயிருக்கு இயற்கை தந்திருக்கும் காலம் மிகக் குறைவு. பெண் ஆக்டோபஸ் பெரும்பாலும் வாழ்வில் ஒரே ஒருமுறைதான் முட்டைகளை அடைகாக்கும். அவற்றைத் துடைத்து, நீரைப் பீய்ச்சி, இரவும் பகலும் காக்கும். பிறகு உண்பதையே நிறுத்திவிடும். குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் தாயின் உயிர் பிரியும். இனச்சேர்க்கைக்குப் பின் ஆணும் நெடுநாள் இருப்பதில்லை. தாயின் மரணத்துக்குப் பட்டினி மட்டுமே காரணம் அல்ல. கண்களுக்கு அருகே உள்ள ஒரு சுரப்பிதான் இந்த முடிவைத் தொடங்கிவைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜெரோம் வோடின்ஸ்கி அதை அகற்றிப் பார்த்தார். தாய் முட்டைகளை விட்டு விலகியது, மீண்டும் இரை உண்டது, கூடுதல் காலம் வாழ்ந்தது. 1977இல் வெளியான ஆய்வு இது.

முதுமையில் தோல் வெளிறும், புண்கள் ஆறாது. நோய் என்று நினைத்துச் செம்பு கலந்த மீன் மருந்தை ஊற்றிவிடாதீர்கள். அது ஆக்டோபஸுக்கு நஞ்சு. கடலில் பிடித்த, நன்கு வளர்ந்த ஆக்டோபஸை வாங்குவோருக்கு அதனுடன் சில வாரங்களே மிஞ்சலாம்.