வெற்றிடமான ஆசனம் யாருடையது?

2020 ஓகஸ்ட் மாதத்துப் பொதுத்தேர்தலில் ஹெவ்லொக் டவுனிலும் அதன் அயலிலுள்ள வெள்ளவத்தை, கிருலப்பனைப் பகுதிகளிலும் வாழும் வாக்காளர்கள், தாம் விரும்பிய கட்சிக்கு ஒரு புள்ளடியும் அக்கட்சியின் அபேட்சகர்களுக்கு மூன்று விருப்பு வாக்குகள் வரையும் அளித்து, கொழும்பு மாவட்டத்துக்குரிய 19 பிரதிநிதிகளைத் தெரிவு செய்வதில் பங்கு கொண்டார்கள். அந்த 19 பேரில் ஒருவரான முஜிபுர் ரஹ்மான், கொழும்பு மாநகர முதல்வர் பதவிக்குப் போட்டியிடும் பொருட்டு 2023 ஜனவரியில் தமது பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தபோது, அந்த இடத்தை நிரப்ப மறுபடியும் ஒரு தேர்தல் நடத்தப்படவில்லை. ஐக்கிய மக்கள் சக்தியின் விருப்பு வாக்கு வரிசையில் அடுத்திருந்த முன்னாள் மாநகர முதல்வர் ஏ.எச்.எம். பௌசி, அடுத்த மாதமே சத்தியப் பிரமாணம் செய்து அவ்விடத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலோ தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது. இதற்கிடையில், ஐக்கிய மக்கள் சக்தியின் டயானா கமகே பாராளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவருடைய தேசியப் பட்டியல் ஆசனம் வெற்றிடமானதும், அதே முஜிபுர் ரஹ்மான் அதன் வழியாகப் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார்.

அவர் விட்டுச் சென்ற ஆசனம் ஒரு விதியின்படியும், திரும்பி வந்து பெற்ற ஆசனம் வேறொரு விதியின்படியும் நிரப்பப்பட்டன. இவ்விரு விதிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அறிந்துகொள்வது, தம் வாக்கின் பெறுமதியை அறிய விரும்பும் ஒவ்வொரு பிரஜைக்கும் அவசியமாகும்.

இரண்டு விதிகள்

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மரணமடைந்தாலோ, பதவி துறந்தாலோ, தகுதியிழந்தாலோ, அனுமதியின்றி மூன்று மாத காலம் தொடர்ந்து சபைக்கு வராதிருந்தாலோ அவருடைய ஆசனம் வெற்றிடமாகும் என்று அரசியலமைப்பின் 66ஆம் உறுப்புரை கூறுகின்றது. பாராளுமன்றச் செயலாளர் நாயகம் அதைத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அறிவித்த பின்னர், மாவட்ட ஆசனமாயின், அதே கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் அபேட்சகர்களுள் அடுத்தபடியாகக் கூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றவர் தெரிவானவராகப் பிரகடனம் செய்யப்படுகின்றார். 2024 ஜூன் 30ஆம் திகதி இரா. சம்பந்தன் காலமானதும், பத்து நாட்கள் நிறையுமுன்பே திருகோணமலை மாவட்டத்தின் அவ்வாசனத்தில் ச. குகதாசன் அமர்ந்தது இம்முறையினாலேயே ஆகும்.

14ஆவது திருத்தத்தினால் 1988இல் உருவான 29 தேசியப் பட்டியல் ஆசனங்களின் நிலை வேறு. பொதுத்தேர்தல் முடிந்தவுடன் அவற்றுக்கு நியமிக்கப்படுபவர், தேர்தலுக்கு முன்னரே வெளியிடப்பட்ட பட்டியலிலோ ஏதாவதொரு மாவட்டத்தின் வேட்புமனுவிலோ பெயர் கொண்டவராக இருத்தல் வேண்டும். ஆனால் இடையில் வெற்றிடம் ஏற்படுமாயின், 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 64ஆம் பிரிவு, கட்சியின் செயலாளர் அக்கட்சியின் உறுப்பினர் ஒருவரைப் பெயர் குறித்தாற் போதும் என்று இடங்கொடுக்கின்றது. இந்த ஒரு வாசகத்தின் வழியாகவே, வாக்காளர் கண்ணுக்கு ஒருபோதும் காட்டப்படாத பெயர்கள் சட்டசபைக்குள் பிரவேசிக்கின்றன. 2020 தேர்தலில் அபேட்சகராகவும் நிற்காமல் தேசியப் பட்டியலிலும் இடம்பெறாமல் இருந்த பசில் ராஜபக்ஷ, 2021 ஜூலையில் ஜயந்த கெட்டகொட விட்டுக்கொடுத்த ஆசனத்தின் மூலம் பாராளுமன்றம் புகுந்து நிதியமைச்சரானதை நாடறியும்.

இடைத்தேர்தல் இருந்த காலம்

முன்னாளில் இந்நாட்டின் சம்பிரதாயம் இடைத்தேர்தலாகவே இருந்தது. அரசாங்க சபைக் காலத்தில், கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியில் வெற்றி பெற்ற டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் மனுவொன்றினால் தமது ஆசனத்தை இழந்தபோது, 1932இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்று, இலங்கைச் சட்டசபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண்மணியானார். கணவர் இருந்த இடம் மனைவிக்குக் கிடைத்தது வாரிசுரிமையினால் அன்று. தொகுதி மக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றதனாலேயே அது கிடைத்தது.

ஆயினும், இடைத்தேர்தல் என்பதும் குற்றமற்ற ஏற்பாடன்று. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிரூபிக்கும் நோக்கத்துடன் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்களின் தீர்ப்பைக் கோரியபோது, அரசாங்கம் அந்த இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வரை ஒத்திவைத்தது. வி. பொன்னம்பலத்தை 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்று அவர் மீண்டும் தெரிவானார் எனினும், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அத்தொகுதி மக்கள் பாராளுமன்றத்தில் குரலின்றி இருந்தார்கள். இடைத்தேர்தலைக் குறித்த காலத்துக்குள் நடத்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிடத்து, அந்த உரிமை ஆட்சியாளரின் தயவைப் பொறுத்ததாகிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1978இன் விகிதாசார முறை வந்தபின் இடைத்தேர்தலுக்குப் பொருத்தமான இடம் இல்லாமற் போனதற்கும் நியாயம் உண்டு. கொழும்பு மாவட்டத்தின் 17 லட்சம் வாக்காளரும் ஒரேயொரு ஆசனத்துக்காக மீண்டும் வாக்களிப்பார்களாயின், பெரிய கட்சியே அதை வெல்லும். சிறிய கட்சியொன்று தன் விகிதத்துக்கேற்பப் பெற்ற இடம் அதன் பிரதிநிதியின் மரணத்தோடு பறிபோய்விடும். 2004இல் கொழும்பு மாவட்டத்திலிருந்து தெரிவான தி. மகேஸ்வரன், 2008ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், 2006 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொழும்பு நகரின் நாரஹேன்பிட்டிப் பகுதியில் கொல்லப்பட்டபோதும், அவர்களின் ஆசனங்கள் பட்டியலில் அடுத்திருந்தவர்களுக்கே சென்றன. கொலை செய்து ஒரு கட்சியின் பலத்தைக் குறைக்க முடியாது என்ற பாதுகாப்பாவது இம்முறையில் இருக்கின்றது.

தற்காலிக நியமனம் பற்றிய விவாதம்

இந்த விதிகளின் இடைவெளியிலேதான் தற்காலிக நியமனம் என்னும் வழக்கம் வளர்ந்தது. 2015 பொதுத்தேர்தலின் பின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்குக் கிடைத்த இரண்டு தேசியப் பட்டியல் ஆசனங்களுக்கு எம்.எச்.எம். சல்மானும் ஏ.ஆர்.ஏ. ஹபீஸும் தற்காலிகமாகவே நியமிக்கப்பட்டார்கள். 2016 தொடக்கத்தில் ஹபீஸ் விலகித் திருகோணமலையைச் சேர்ந்த எம்.எஸ். தௌபீக்குக்கு வழிவிட்டார், 2018இல் சல்மானின் இடத்துக்கு அட்டாளைச்சேனையின் ஏ.எல்.எம். நஸீர் வந்தார். 2013இல் வடமாகாண சபையை வென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும், தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களுள் ஒன்றைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளத் தீர்மானித்தது.

இதனை ஆதரிப்போர் கூறும் காரணம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஒரு சமூகம் பல மாவட்டங்களில் சிதறி வாழ்ந்து, எந்தவொரு மாவட்டத்திலும் தனித்து ஓர் உறுப்பினரைப் பெறும் பலமற்றிருக்கும்போது, கிடைத்த ஓரிரு ஆசனங்களை ஊருக்கு ஊர் பகிர்ந்தளிப்பதனாலாவது எல்லோருக்கும் ஒரு குரல் கிடைக்கும் என்கிறார்கள். எதிர்ப்போர், சட்டமியற்றும் பணி பழகுவதற்குக் காலமெடுக்கும் பணி என்றும், எப்போது போகச் சொல்வார்களோ என்று தலைவரின் முகத்தைப் பார்த்திருக்கும் உறுப்பினர் மனச்சாட்சிப்படி வாக்களிக்க இயலாதவர் என்றும் விடையிறுக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாவது வாதமே வலுவுடையது. ஏனெனில் சுழற்சிக்குரிய பெயர்களும் கால எல்லையும் தேர்தலுக்கு முன் மக்களுக்கு அறிவிக்கப்படுவதில்லை. கோயிற் சொத்தைப் பரிபாலிக்கும் தர்மகர்த்தா அதைத் தம் உறவினருக்குப் பங்கிட உரிமையற்றவராயிருப்பது போலவே, மக்கள் ஒப்படைத்த ஆசனத்தைத் தம் விருப்பப்படி பங்கிடக் கட்சித் தலைமைக்கும் உரிமை இல்லை. ஆசனத்தை வெறுமையாக வைத்திருக்கவும் அதற்கு உரிமையில்லை. ஆனால் 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம், 2021 ஜூன் 23ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க பதவியேற்கும் வரை ஏறக்குறைய பத்து மாதங்கள் வெற்றிடமாகவே கிடந்தது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1913இன் 17ஆவது திருத்தம், செனட் சபையில் ஏற்படும் வெற்றிடத்தை மக்கள் தேர்தலினால் நிரப்பும் வரையில் தற்காலிக நியமனம் செய்யும் அதிகாரத்தை மாநிலச் சட்டசபைகள் தத்தம் ஆளுநர்களுக்கு வழங்கலாம் என்கின்றது. பிரதிநிதிகள் சபைக்கோ நியமனம் அறவே இல்லை, தேர்தல் ஒன்றே வழி. அவுஸ்திரேலியாவில் 1975இல் தொழிற்கட்சி செனட்டர் ஒருவர் மறைந்தபோது, குயின்ஸ்லாந்து அரசாங்கம் அக்கட்சி பெயர் குறித்தவரை நிராகரித்து அல்பர்ட் பீல்டை நியமிக்க, அதனால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, மறைந்தவரின் கட்சியைச் சேர்ந்தவரே அவ்விடத்துக்கு வரவேண்டும் என்று 1977இன் மக்கள் தீர்ப்பு அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. இந்தியாவிலே ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தவேண்டும் என்று சட்டம் பொதுவாக விதிக்கின்றது. எனினும் தமிழ்நாட்டில் 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 உறுப்பினர்களின் தொகுதிகள், வழக்குகள் தொடர்ந்தமையால், 2019 ஏப்ரல் வரை பிரதிநிதிகள் இன்றி இருந்தன.

செய்யவேண்டியது

நியமனமோ தேர்தலோ எதுவாயினும், வாக்காளரின் சம்மதம், குறித்த காலம், கட்சி மாறாமை என்னும் மூன்றும் காக்கப்படும்போதே அது நியாயமாகின்றது என்பதை இவ்வனுபவங்கள் யாவும் போதிக்கின்றன. மாவட்ட ஆசனங்களைப் பொறுத்தமட்டில் நமது விதி இம்மூன்றையும் பெருமளவு நிறைவு செய்வதால் அதை மாற்றவேண்டிய அவசியமில்லை. தேசியப் பட்டியலைப் பொறுத்தமட்டில், 64ஆம் பிரிவைத் திருத்தி, இடையில் வரும் வெற்றிடத்தையும் தேர்தலுக்கு முன் வெளியிடப்பட்ட பெயர்களிலிருந்தே நிரப்பவேண்டும் என்றும், முப்பது நாட்களுக்குள் கட்சி பெயர் தராவிட்டால் அப்பட்டியலின் அடுத்த பெயரை ஆணைக்குழுவே பிரகடனம் செய்யலாம் என்றும், சுழற்சி செய்ய விரும்பும் கட்சி அதைத் தன் பட்டியலிலேயே பகிரங்கப்படுத்தவேண்டும் என்றும் விதித்தல் வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை வாக்காளர் கைகட்டி இருக்கவேண்டியதில்லை: அடுத்த பொதுத்தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், அதன் தேசியப் பட்டியலில் உள்ளவர்கள் யார் என்பதையும், இடையில் ஆசனம் வெற்றிடமானால் அப்பெயர்களுள் ஒருவரையன்றி வேறெவரையும் நியமிப்பதில்லை என்று அது எழுத்தில் உறுதி தருமா என்பதையும் கேளுங்கள்.