குளிரும் மின்கலமும்: கலப்பு வாகனங்களின் ஓட்டத் தொலைவு

கோலார் தங்கவயலின் வடபகுதியில் அமைந்தது பாலகாட். இவ்வயல்களுக்கு 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து மின்சாரம் வந்தது. அம்மின்சாரம் முழுவதும் தங்கம் எடுப்பதற்கே பயன்பட்டதென்று கூற முடியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தினாலன்றித் தொழிலாளர் பணிபுரிய இயலாது. ஆழம் கூடக்கூட, மனிதரைக் காக்கும் செலவும் கூடியது. 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட அச்சுரங்கங்களின் இந்தக் கணக்கு, குளிர் நாடுகளில் ஓடும் மின் வாகனங்களுக்கும் தலைகீழாகப் பொருந்துகிறது.

வீட்டு மின்னிணைப்பில் மின்னேற்றம் செய்துகொள்ளக்கூடிய கலப்பு வாகனத்தில் மின்மோட்டாரும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்தே உள்ளன. முதல் சில பத்துக் கிலோமீட்டர்கள் மின்கலத்தால் ஓடும். அது தீர்ந்தபின் எஞ்சின் பொறுப்பேற்கும். பெட்ரோல் எந்த அளவு மிச்சமாகும் என்பது அந்த முதற்பகுதியின் நீளத்தைப் பொறுத்தது. குளிர் குறைப்பதும் அதனையே.

லித்தியம் அயனி மின்கலம் குளிரும்போது அயனிகளின் இயக்கம் மந்தமாகி உள்தடை உயர்கிறது. சேமித்த மின்சாரத்தில் ஒரு பகுதி பயன்படாமல் தங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது மீட்கப்படும் ஆற்றலையும் குளிர்ந்த மின்கலம் முழுமையாக ஏற்பதில்லை. உறைநிலைக்குக் கீழே விரைவாக மின்னேற்றினால் எதிர்மின்வாயின்மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் நிரந்தரமாகக் கெடக்கூடும். ஆகவே கட்டுப்பாட்டுக் கருவி மின்னேற்றத்தைத் தானே மட்டுப்படுத்துகிறது.

எனினும் பெரும் இழப்பு வேதியியலால் வருவதன்று. பயணிகள் அமரும் அறையைச் சூடாக்குவதால் வருவது. பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே காரைச் சூடாக்கிவிடும். மின்மோட்டாரோ வெப்பத்தை வீணாக்குவது குறைவு. அதன் சிக்கனமே இங்கு இடையூறாகிறது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2019-இல் முழு மின்கார்களைச் சோதித்தது. சுமார் மைனஸ் 7 டிகிரியில் வெப்பமூட்டி இல்லாமல் ஓட்டத் தொலைவு 12 சதவீதமும், வெப்பமூட்டியுடன் 41 சதவீதமும் குறைந்தன.

கலப்பு வாகனத்தின் மின்கலம் சிறியது என்பதால் இந்தச் சுமை மேலும் உறுத்தும். ஓர் உதாரணம்: பயன்படுத்தத்தக்க மின்சாரம் 10 யூனிட், ஓட்டத்திற்கு 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவு என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 66 கிலோமீட்டர் செல்லலாம். 3 கிலோவாட் வெப்பமூட்டி தொடர்ந்து இயங்கினால் அது 44 கிலோமீட்டராகச் சுருங்கும். நெரிசலில் வேகம் 20 கிலோமீட்டராகக் குறைந்தால் 33 கிலோமீட்டர்தான். வெப்பமூட்டி செலவிடுவது தொலைவைப் பொறுத்தன்று, நேரத்தைப் பொறுத்தே. பல மாதிரிகளில் வெப்பம் வேண்டியதும் எஞ்சினே இயங்கத் தொடங்கிவிடுகிறது; மின்கலம் நிறைந்திருந்தும் பெட்ரோல் எரிகிறது.

தங்கவயலின் மார்கழிக் குளிர் இத்தகைய இழப்பை உண்டாக்காது. பெங்களூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்லும் ஒருவருக்குக் கோடையே கவனிக்கத்தக்கது: அதே சோதனையில் 35 டிகிரியில், குளிர்சாதனத்துடன், இழப்பு 17 சதவீதம். இமயமலைப் பகுதியின் நிலை வேறு. 2017-இல் இமாசலப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் மணாலி–ரோத்தாங் வழியில் மின்பேருந்தை இயக்கியது. ஆனால் கடுங்குளிரில் அக்கணவாய் பனியால் மூடப்படுவதால், அங்கு கிடைக்கும் அனுபவம் குளிர்காலத்திற்கு முழுமையாகப் பொருந்தாது.

2019-இல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிவுற்ற ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மானியம் மின்கலக் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. கணக்கிட எளிய முறைதான். ஆயினும் ஒரே கொள்ளளவு சென்னையில் தரும் கிலோமீட்டரை லேயில் தராது. சோதனைக்கூடச் சான்றிதழில் காணும் தொலைவோ மிதமான வெப்பநிலைக்கு உரியது. ஐரோப்பிய முறையில் அது 23 டிகிரி. மலை மாவட்ட அலுவலகங்களுக்கு வாகனம் வாங்குவோர் ஒப்பந்தப்புள்ளியிலேயே குளிர்காலத் தொலைவைத் தனியே கேட்டுப் பெறலாம். மின்னிணைப்பில் இருக்கும்போதே காரைச் சூடாக்கும் வசதியையும், இருக்கைச் சூடேற்றியையும் நிபந்தனையாக்கலாம். முதலாவது, வெப்பச் செலவின் பெரும்பகுதியை மின்கலத்திலிருந்து மின்னிணைப்புக்கு மாற்றிவிடும்; அதற்கு வாகனம் நிற்குமிடத்தில் இரவு முழுவதும் தடையற்ற மின்சாரம் வேண்டும்.