தெளியாத கிள்ளான்

மழை விட்டு அரை மணி நேரம் கழித்து பிரிக்பீல்ட்ஸ் ஆற்றுப் பாலத்தில் நின்று பாருங்கள். கான்கிரீட் கரைகளுக்கு நடுவே தே தாரிக் நிறத்தில் ஓடும் கிள்ளான் ஆறு. நீளம் சுமார் 120 கிலோமீட்டர்தான். மேக்கோங் ஆற்றின் பக்கத்தில் வைத்தால் வாய்க்கால். ஆனால் இதன் சேற்றில்தான் ஒரு தலைநகர் எழுந்தது. கோலாலம்பூர் என்ற மலாய்ப் பெயருக்கே சேற்றுக் கூடல் என்று பொருள்.

1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகில் ஆற்றை எதிர்த்து வந்தார்கள். இன்று மஸ்ஜித் ஜாமெக் இருக்கும் கூடலில் இறங்கி அம்பாங்குக்குக் காட்டு வழியே நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக எஞ்சியது 18 பேர். ஆனாலும் ஈயம் கிடைத்துவிட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஈயக்கல் சாதாரண மணலைப் போல இரண்டரை மடங்கு கனம். ஓடும் நீரில் மண்ணை அலசினால் ஈயம் அடியில் தங்கும், மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போகும். எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். பல பத்தாண்டுகள் அலசிய கழிவு ஆற்றுப் படுகையை மேடாக்கியது. 1926இல் வந்த பெருவெள்ளத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு முன்பே, 1881இல், ஊரைத் தீயும் தின்றது, வெள்ளமும் தின்றது. அத்தாப்புக் கூரைகள் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹம் உத்தரவிட, ஆற்றோரக் களிமண்ணில் சூளைகள் புகைந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது.

கிள்ளான் பட்டணத்துப் படித்துறை ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் ஏற முடியவில்லை. அதனால் ஆற்றின் முகத்துவாரத்தில், தீவுகள் அலையை மறிக்கும் இடத்தில், 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தைத் திறந்தார்கள். சதுப்புக் காட்டை வெட்டியதும் மலேரியா பாய்ந்தது. துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நாலு வருடம்கூட ஆகியிருந்ததோ என்னவோ. அதை நம்பி, கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிச் சதுப்பை உலர்த்தினார். இறப்பு சரிந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய நம் தாத்தா பாட்டிகள் பலர் கால் வைத்தது இந்தக் கரையில்தான். 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. 2023இல் இங்கே கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1.4 கோடி கொள்கலன்கள்.

ஆற்றின் மேல்முனையில், புக்கிட் தாபூர் படிகப்பாறை முகட்டின் இடுக்கில், 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டப்பட்டது. அணையின் நிரந்தர எதிரி வண்டல். வேகம் குறைந்த நீர் சுமந்து வந்ததைக் கீழே போட்டுவிடும். அணைக்கட்டுக்குள் போடப்பட்டது கடல் சேராது. மேக்கோங்கில் இந்த நோயைக் கண்ணாலேயே பார்த்தோம். லாவோஸின் சாயாபுரி அணை இயங்கத் தொடங்கிய 2019இன் இறுதியில், நீர் வற்றியும் வண்டல் இல்லாமலும் பழுப்பு ஆறு தாய்லாந்துப் பக்கம் நீலமாகத் தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள். கழிமுகத்து உழவருக்கு அது கெட்ட செய்தி.

கிள்ளானுக்கு வந்திருப்பது நேர் எதிரான நோய். அணை மேலே பிடித்து வைக்கும் மண்ணைவிட, கீழே குன்றுகளைச் சீவும் வீட்டுமனைத் திட்டங்கள் கொட்டும் மண்ணே என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மண் சேர்ந்த ஆறு பொங்கும்போது, 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கம் 2007 முதல் நகர மையத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது நீரைத் திருப்பிவிடும், இல்லாமல் ஆக்காது.

2021 டிசம்பரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியபோது ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைகளில் ஏறி மக்கள் படகுக்குக் காத்திருந்தார்கள். ஆறு கடலுக்குள் வடிய வேண்டுமானால் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். போர்ட் கிள்ளானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓதம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் வெள்ளம் வந்தால் அது வடியாமல் நிற்கும், பிறகு பின்னால் தள்ளப்படும்.

தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் வரும் மழைக்காலத்தில் வானிலை அறிவிப்போடு போர்ட் கிள்ளான் கடலேற்ற நேரத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.