இலவச மடிக்கணினியும் இரண்டு இயங்குதளங்களும்: யாருடைய தேர்வு?

விண்டோஸா, லினக்ஸா என்ற விவாதம் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளை வைத்திருப்போரின் விவாதமாகவே இருந்துவருகிறது. எது வேகமானது, எது அழகானது, எதில் விளையாட்டுகள் நன்றாக ஓடும் என்பவையே அங்கே கேள்விகள். அதே விவாதத்தைத் திருநெல்வேலி மாநகராட்சியின் தச்சநல்லூர் மண்டலத்தில் உள்ள ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் வைத்துப் பார்த்தால் கேள்வி மாறிவிடுகிறது. அங்கே வீட்டிலுள்ள ஒரே கணினி, மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி. தம்பி தங்கைகள் கல்லூரிக்குப் போகும்வரை அது உயிரோடு இருக்குமா என்பதே அந்த வீட்டின் கேள்வி.

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இயக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சொத்து. பயனருக்குக் கிடைப்பது நிபந்தனைகளோடு கூடிய உரிமம் மட்டுமே. லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளங்களின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பகிரலாம். தச்சரின் பெயரைத் தாங்கிய ஊரில் இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. உளியைத் தீட்டுவதற்குக்கூட விற்றவனிடம் அனுமதி கேட்க வேண்டுமென்றால் அதை எந்தத் தச்சரும் கருவியென்று ஏற்கமாட்டார்.

இந்த வேறுபாட்டின் விலை அண்மையில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்ற செயலியும் வேண்டும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்ட முடியாதவை. அவற்றின் திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் அவை காலாவதியானவை என ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி தீர்ப்பளித்துவிட்டது. புதியது வாங்க வசதியுள்ள வீட்டுக்கு இது ஒரு செலவு. பீடிச் சுற்றில் கிடைக்கும் கூலியில் நடக்கும் வீட்டுக்கு, இது பிள்ளையின் படிப்பில் விழும் அடி.

இந்த விவாதத்தைத் தமிழக அரசின் கொள்கை அளவுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் இந்திய ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்த சி. உமாசங்கர். 1990-களின் நடுவில் மதுரையில் பணியாற்றியபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளிக்கொணர்ந்தவர் அவர். பின்னர் திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, பெரிய நகரங்கள்கூட யோசிக்காத காலத்தில், வருவாய்த்துறைப் பணிகளைக் கணினிமயமாக்கினார். எல்காட் என அறியப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கான ஆயிரக்கணக்கான கணினிகளையும் அதே வழியில் கொண்டுசெல்ல முயன்றார். அவர் முன்வைத்த வாதம் எளிமையானது: ஒவ்வொரு கணினிக்கும் உரிமத்தொகை செலுத்துவதைவிட, அந்தப் பணத்தில் மேலும் கணினிகள் வாங்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூட்டிய பெட்டியைக் கொடுக்கக் கூடாது.

2010 ஜூலையில், அவர் பணியில் சேரும்போது அளித்த பட்டியல் சாதிச் சான்றிதழ் பொய்யானது என்று குற்றஞ்சாட்டி அன்றைய அரசு அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. இருபது ஆண்டுகள் பணியாற்றிய பிறகு அந்தச் சான்றிதழ் சந்தேகத்துக்குரியதாயிற்று! எல்காட்டிலும் அரசு கேபிள் நிறுவனத்திலும் தாம் எடுத்த நடவடிக்கைகளுக்கான பழிவாங்கலே இது என்பது அவருடைய தரப்பு. தலித் அமைப்புகள் வீதியில் இறங்கின. சில வாரங்களில் அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. லினக்ஸுக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்று நாம் எழுதவில்லை. எனினும், கொள்முதல் என்னும் பெரும்பணம் புழங்கும் இடத்தில் கேள்வி கேட்கும் தலித் அதிகாரியின் சாதிச் சான்றிதழே முதலில் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

அவர் இல்லாத எல்காட் வழியாகத்தான் இலவச மடிக்கணினிகள் வாங்கப்பட்டன. தொடக்கத்தில் வழங்கப்பட்ட பலவற்றில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்னும் குறுக்கப்பட்ட பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தைக்கூடப் பயனரால் அதில் மாற்ற முடியாது. மூடியின்மேல் முதலமைச்சரின் படம், உள்ளே மாற்ற முடியாத திரை. ஏழைக்குக் கொடுப்பதென்றால் இந்த அளவு போதும் என்ற மனப்பான்மை மென்பொருளுக்குள்ளும் இருக்கிறது. கூடவே லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பின்வந்த தொகுதிகளில் அது பாஸ் லினக்ஸாக இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, அரசுத் துறைகளும் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என அரசு அறிவுறுத்தியது.

ஆனால் நடந்தது என்ன? மாணவர்களில் பலர் அந்த இரண்டாவது இயங்குதளத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. கணினி பழுதாகிக் கடைக்குப் போனதும் அது அழிக்கப்பட்டது. இடம் மிச்சம் என்றார்கள். அதற்குப் பதிலாக உரிமமில்லாத விண்டோஸ் பதிப்பு ஏற்றப்பட்டது. மாணவர்களையோ கடைக்காரரையோ இதற்காகக் குறைசொல்ல நாம் தயாராக இல்லை. யாரும் கற்றுத்தராத ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, அதைத் தேர்வுச் சுதந்திரம் என்று அழைத்தது அரசுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2000-களின் நடுவிலேயே நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் இடம்பெற்றது. பாடநூல் எப்போதும் சரியான பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஆய்வகம்தான் அதன் பின்னால் வரவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளம் வேறு முடிவெடுத்தது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளிக்கப்பட்டது. பிறகு பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வே கட்டற்ற மென்பொருளில் நடத்தப்பட்டது. இன்று கைட் என்னும் அரசு நிறுவனம் தன் பள்ளிகளுக்கென்றே உபுண்டு அடிப்படையில் ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து வழங்குகிறது. தேர்வில் வருவதைத்தான் பள்ளி கற்றுத்தரும் என்ற எளிய உண்மையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அரசு செய்யாத இடத்தில் இயக்கங்களும் செய்துள்ளன. பெங்களூரின் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தொண்டர்கள் அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஒரு கணினி மையம் தொடங்கி, அப்பகுதிப் பிள்ளைகளுக்கு லினக்ஸில் பயிற்சி அளித்தார்கள். பெருநிறுவனங்கள் கழித்துக்கட்டும் கணினிகளே அத்தகைய மையங்களுக்குப் போதுமானவை.

விண்டோஸ் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி சந்திப்பிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனால் டேலி தெரியுமா, எக்செல் தெரியுமா என்றே கேட்கிறார்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. தட்டச்சகங்களில் இன்றும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் மனுக்கள் அடிக்கப்படுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு புரியாத குறியீடுகளாகத் தெரியும். இத்தகைய சூழலில் தலித் மாணவரிடம் மட்டும் போய், நீ விண்டோஸைத் துறந்து மென்பொருள் விடுதலைக்கு முன்னோடியாக இரு என்று சொல்வது நியாயமன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்கும்போது நம் பிள்ளைக்கு ஒன்று மட்டும் என்பதை, அந்த ஒன்று எதுவாக இருந்தாலும், நாம் ஏற்க முடியாது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டையும் கற்பிக்க வேண்டும் என்பதே. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அவற்றைப் போலவே ஏராளமான விடுதிகளும் உள்ளன. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. எல்லோருக்குமான பொதுத் திட்டங்களின் செலவில் ஒரு பங்கை அந்த நிதிக்கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்பது நெடுநாளாக நாம் முன்வைக்கும் புகார். விடுதிதோறும் ஒரு பயிற்றுநரும் பத்துப் பழைய கணினிகளும் என்பது அந்த நிதியிலிருந்து நேரடியாக நம் பிள்ளைகளைச் சென்றடையக்கூடிய செலவு. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்குவதாக அறிவித்தது. அவற்றைக் கற்றுத்தர யார், பழுதானால் எங்கே செல்வது என்ற கேள்விகளை இப்போதே கேட்க வேண்டும்.

அதுவரை, பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினியை எடைக்குப் போட வேண்டாம். அதில் 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் லுபுண்டுவோ, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ ஓடும், 4 ஜி.பி. இருந்தால் தடையின்றி ஓடும். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, கணினியில் உள்ள எதையும் அழிக்காமல் முதலில் இயக்கிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகையை அதில் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் பெரும்பாலும் உடன் வரும். நிறுவ முடிவெடுத்தால், சான்றிதழ் நகல்களையும் படங்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொண்ட பிறகே நிறுவ வேண்டும்.